புதுப்பிப்பு: பொங்கல் குடும்பப் பட அட்டை, முடிவு எடுத்தாச்சு

ஏற்காடு லேடீஸ் சீட்டில் எடுத்த குடும்பப் படத்தைப் பொங்கல் வாழ்த்து அட்டையாக்க, ஸ்டூடியோவில் போட்டோ பிரிண்ட் போடுவதா, அச்சகத்தில் கொடுப்பதா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலத்திலேயே ஓர் அச்சகத்தில் டிஜிட்டல் அச்சுக்கு, அதாவது பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேராக அடிப்பதற்கு, கொடுத்துவிட்டேன்.

அச்சகத்தின் இன்னொரு முறையான, பிளேட் (அச்சுத் தகடு) செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் வேண்டாம் என்றதற்குக் காரணம் எண்ணிக்கை. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளேட் போடணும். நிறைய அடித்தால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். எங்களுக்கு வேண்டியதோ சொந்தபந்தத்துக்கு மட்டும். போட்டோ பிரிண்டில் நிறம் அருமைதான், ஆனால் பின்பக்கம் பேனா வழுக்குகிறது. கையால் நாலு வரி எழுதாத வாழ்த்தை அப்பத்தாவுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. அதனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை, முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை), பின்பக்கம் எழுத வசதியாக வெறுமனே.

செய்யப்போகிறவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்; சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 6க்கு 4 அங்குல அட்டைக்கு 1800க்கு 1200 பிக்சல் போதும். செல்போன் படம் பெரும்பாலும் 4:3, இந்த அட்டை 3:2. மேலும் கீழும் வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் உயரமான சித்தப்பாவின் தலை போகாதபடி நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

மலைப் பனிமூட்டத்தில் எடுத்த படம் திரையைவிட அச்சில் மங்கலாக விழும். ஒரு மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். மார்கழி பிறந்ததும் கொடுப்பது நல்லது. அப்புறம் அச்சகங்களில் காலண்டர் வேலை நெருக்கும்.