அக்ரிலமைடு பாடம்: 'வளர்சிதைமாற்றம்' பொருந்துமா?

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

உணவறிவியல் இளநிலை மாணவர்களுக்கான பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்கு நாள்களாக அது ஒரே சொல்லில் நிற்கிறது. வறுத்த உருளைக்கிழங்கிலும் சுட்ட ரொட்டியிலும் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 பாகை செல்சியசுக்கு மேல் வினைபுரிவதால் உண்டாகும் அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருளை உடல் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல, 'வளர்சிதைமாற்றம்' என்றே முதலில் எழுதியிருந்தேன். இங்கே வளர்வதும் இல்லை, உடல் ஆற்றல் பெறுவதற்காகச் சிதைப்பதும் இல்லை என்று பேராசிரியை சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி.

ஆனால் அவர் முன்வைத்த 'அற்றம்' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்ற குறளில் அறுதல் செரித்தலைக் குறிப்பது உண்மையே. அதே நூலில் 'அறிவற்றங் காக்குங் கருவி' என்னுமிடத்தில் அற்றம் அழிவாக நிற்கிறது. அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. அற்றது என்றால் முடிந்தது என்று மாணவர் கொள்வார். அக்ரிலமைடோ உடலுக்குள் போனதும் முடிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி உடலிலுள்ள குளுட்டாதயோன் என்னும் பொருளோடு இணைந்து மெர்காப்டூரிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. மற்றொரு பகுதியைச் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த 2ஈ1 என்னும் நொதி கிளைசிடமைடாக மாற்றுகிறது. அந்தக் கிளைசிடமைடு தாய்ப்பொருளைவிட வினைவேகம் மிகுந்து டிஎன்ஏவையே பற்றிக்கொள்கிறது. ஈரலின் வேலை எப்போதும் நச்சுநீக்கம்தான் என்று நம்பி வளர்ந்த மாணவருக்கு இந்த இரண்டாம் வழியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆகவே பொதுச்சொல்லாக 'உயிர்வழி மாற்றம்' என்பதையும், அதன் இரு கிளைகளுக்கு 'நச்சுநீக்கம்', 'நஞ்சாக்கம்' என்பவற்றையும் முன்வைக்கிறேன். 'நச்சரவு' போல 'நச்சாக்கம்' என்றே புணர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நஞ்சு' போன்ற மென்தொடர்க் குற்றியலுகரங்களில் சில வேற்றுமையிலும் வன்தொடர் ஆவதில்லை (அதாவது 'ஞ்சு' 'ச்சு' ஆவதில்லை) என்று நன்னூலே இடம் தருகிறது. மேலும், 'நச்சாக்கம்' நஞ்சின் பெருக்கம் போல ஒலிக்கிறது. நமக்கு வேண்டியது நஞ்சாக ஆக்குதல்.

ஹீமோகுளோபினிலுள்ள வேலின் என்னும் அமினோ அமிலத்தோடு அக்ரிலமைடு இணைந்து உண்டாகும் பொருளுக்கு 'ஒட்டுச்சேர்மம்' என்பதை வைத்துக்கொள்கிறேன். 'ஒட்டியது உரிந்துவிடுமே' என்ற ஐயத்திற்கு ஒட்டுமாங்கன்றே விடை; அது உரிவதில்லை. இந்தச் சேர்மமும் சிவப்பணு வாழும் ஏறத்தாழ 120 நாள் வரை நிலைக்கிறது. சுவீடனின் ஹல்லண்ட்சோஸ் சுரங்கத்தில் 1997இல் அக்ரிலமைடு கசிந்து தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டபோது, சுரங்கத்தை எட்டியும் பாராதவர்களின் இரத்தத்திலும் இதே ஒட்டு தென்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்ற தேடலே உணவில் அக்ரிலமைடு இருப்பதாக 2002இல் வெளியான அறிவிப்புக்கு இட்டுச்சென்றது.

வியாழன் மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் இப்படியே அனுப்பிவிடுகிறேன்.

மறுமொழி:

அன்புடையீர், நஞ்சாக்கத்தையும் ஒட்டுச்சேர்மத்தையும் மனமார ஏற்கிறேன். 'உயிர்வழி மாற்றம்' குறித்து என் மறுப்பைப் பதிந்துவிடுங்கள். இலங்கையில் எங்கள் பிள்ளைகள் பள்ளியிலேயே 'அனுசேபம்' என்று படித்து வருகிறார்கள். அது வடசொல் என்பதால் இந்தக் குழுவில் பலர் முகம் சுளிக்கிறார்கள். வளர்தலையும் சிதைதலையும் தன் உருவில் காட்டாத அந்தச் சொல்லுக்குள் நீங்கள் சொல்லும் இரு வழிகளும் முரணின்றி அடங்கும். உயிர்வழி மாற்றம் என்றால் தயிர் புளிப்பதும் உயிர்வழி மாற்றம்தானே?

மறுமொழி:

தயிர் பற்றிய தடை வலுவானது. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆறு பேர் ஆதரித்திருப்பதால் 'உயிர்வழி மாற்றம்' என்றே அனுப்புகிறேன். அது முதலில் வரும் இடத்தில், இலங்கை வழக்கில் அனுசேபம் என்று அடிக்குறிப்பு இடுகிறேன்.