வெள்ளலகுச் செம்முதுகு மரங்கொத்தி: ஒரு பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

கிரைசோகோலாப்டஸ் ஸ்ட்ரிக்லாண்டி என்னும் அறிவியல் பெயர் கொண்ட மரங்கொத்திக்குத் தமிழில் 'இலங்கைச் செம்முதுகு மரங்கொத்தி' என்று பெயர் வைக்கலாம் என நம் குழுவின் முந்தைய மடலில் ஒரு யோசனை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்திகள் இரண்டு. டைனோபியம் சரோடெஸ் என்ற மற்றொன்றை வீட்டுத் தோட்டங்களில்கூடப் பார்க்கலாம். இரண்டுக்கும் பொருந்துகிற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் எதைக் குறித்து வைப்பார்?

'பெரிய', 'சிறிய' என்று சேர்த்தால் போதும் என்றும் ஒரு கருத்து இருந்தது. உயரத்தில், இலைகளுக்கு நடுவே, தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பறவையின் அளவை எதோடு ஒப்பிடுவது? முதுகு நிறம் மட்டும் போதவும் போதாது. யாழ்ப்பாணப் பக்கம் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி. அதுவும் தெற்கே உள்ள சரோடெஸும் சந்திக்கிற இடைப்பகுதியில் இரண்டும் கலந்து இனம்பெருக்குவதால், ஆரஞ்சு முதுகுப் பறவைகளும் அங்கே உண்டு.

சரி, களத்தில் எதைப் பார்க்கிறோம்? தலையைத்தான். ஸ்ட்ரிக்லாண்டியின் அலகு வெளிறியது, கண்ணும் வெளிர்நிறம். சரோடெஸுக்கு அலகு கருஞ்சாம்பல், கண்ணும் கருமை. உச்சந்தலையை வைத்தும் பிரிக்கலாம், ஆனால் பெண் பறவையில்தான்: ஸ்ட்ரிக்லாண்டிப் பெண்ணுக்கு உச்சி முழுவதும் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், சரோடெஸ் பெண்ணுக்கு முன்பக்கம் மட்டும் அப்படி, பின்கொண்டை சிவப்பு. ஆண்கள் இரண்டிலும் கொண்டை சிவப்புதான். ஆக, ஆண் பெண் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிற அடையாளம் அலகு.

எனவே என் பரிந்துரை: ஸ்ட்ரிக்லாண்டி 'வெள்ளலகுச் செம்முதுகு மரங்கொத்தி', சரோடெஸ் 'காரலகுச் செம்முதுகு மரங்கொத்தி'. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வெள்ளலகு மரங்கொத்தி' என்று சுருக்கினால் மெக்சிகோ முதல் பனாமா வரை வாழும் வெளிறிய அலகு மரங்கொத்தியோடு குழம்பும். 'தந்த அலகு' என்றால் அமெரிக்காவின் புகழ்பெற்ற இன்னொரு மரங்கொத்தி நினைவுக்கு வந்துவிடும்.

செம்முதுகுக்குப் பதிலாக 'தீமுதுகு', 'கனல்முதுகு' என்று வைப்பதும் எனக்கு ஒட்டவில்லை. 'ஃப்ளேம்பேக்' (flameback) என்ற ஆங்கிலப் பெயர் தெரிந்தவருக்குத்தான் அவை விளங்கும். பொன்முதுகு என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. செம்முதுகு அதே வரிசையில் இயல்பாக உட்காருகிறது.

'ஸ்ட்ரிக்லாண்டி மரங்கொத்தி' என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: இயற்கையியலாளர் ஹ்யூ ஸ்ட்ரிக்லண்ட் 1842இல் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளை வகுத்த குழுவின் முன்னோடி. அவர் 1853இல் இறந்தார். மறு ஆண்டு பறவையியலாளர் லேயார்டு இந்தப் பறவைக்கு அவர் பெயரைச் சூட்டினார். அந்த மரியாதை அறிவியல் பெயரில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளை ஒன்று பைனாகுலரில் பார்த்து, பெயரை வைத்தே பறவையை உறுதிசெய்ய முடிய வேண்டும் என்பதே என் ஆசை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் வழக்கு இருந்தால் எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.