மறு: மறு: கொயிலோவருக்குத் தமிழ்: புரிச்சூழ்வில்

எல்லாருக்கும் வணக்கம். காரின் தணிப்பானும் (ஷொக் அப்சோபர்) அதைச் சூழ்ந்த சுருள்வில்லும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய ‘கொயிலோவர்’ என்ற தொகுதிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில்:

> ‘தாழ்வில்’ எண்டு வைப்பம். காரைப் பதிக்கத்தானே எல்லாரும் இதைப் பூட்டுகினம்.

தம்பி, குட்டை ஸ்பிரிங் போட்டாலும் கார் பதியும். பின் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்தாலும் பதியும். பதிவது விளைவு. அதையே கருவிக்குப் பெயராக்கினால் பூட்டுகிறவர் வளையத்தை அடிமட்டம் வரை இறக்கிவிடுவார். பிறகு கார் வளைவில் முன்னையதைவிடக் கூடச் சாயும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

> சூழ்வில்: தணிப்பானைச் சூழ்ந்த சுருள்வில்.

நல்ல வினைத்தொகை. சூழ்வில்லை, சூழ்வில்லின் என்று வேற்றுமையும் ஏற்கிறது. விற்றராசு என்று பாடசாலையில் படித்தவர்களுக்கு ‘வில்’ அந்நியமில்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண மக்பர்சன் ஸ்ரற்றிலும் (தணிப்பானே சில்லை மேலே தாங்கிப் பிடிக்கும் அமைப்பு) வில் தணிப்பானைச் சூழ்ந்துதான் நிற்கிறது. நாம் பேசும் பொருளைப் பிரித்துக் காட்டுவது தணிப்பானின் உடலில் வெட்டிய புரி (திருகாணியில் இருப்பதுபோன்ற மரை). எனவே ‘சூழ்வில்’ இனப்பெயராக இருக்கட்டும்; உயரம் மாற்றக்கூடியது ‘புரிச்சூழ்வில்’.

அதற்குள்ளும் இரண்டு வகையுண்டு, இரண்டுக்கும் பெயர் வேண்டும். ஒன்றில் வில் அமரும் இருக்கை வளையம் மட்டும் புரியில் ஏறி இறங்கும்: ‘இருக்கைப்புரி’. மற்றதில் தணிப்பானின் அடிப்பிடியும் தனியாகப் புரியில் நகரும்: ‘அடிப்புரி’. முதலாவதில் காரை 30 மி.மீ பதித்தால் சில்லு மேலேறக்கூடிய தூரத்தில் அந்த 30 மி.மீ குறைந்துபோகும். இரண்டாவதில் தணிப்பான் தன் ஓட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கே எல்லை வைப்பது ரயர் மட்காட்டில் முட்டும் இடம். சில்லு மேலேறக்கூடிய தூரத்துக்கு ‘ஏறுதூரம்’ என்றும் எதிர்த்திசைக்கு ‘இறங்குதூரம்’ என்றும் வைக்கலாம்.

ஏறுதூரம்தான் முழுக் கணக்கின் திறவு. 80 மி.மீ இருந்த இடத்தில் 45 மி.மீ விட்டால், அதே மேட்டை அதே வேகத்தில் அடிதட்டாமல் தாங்க வில் (80/45)² மடங்கு, அதாவது 3 மடங்குக்குமேல் விறைப்பாக இருக்கவேண்டும். அந்த விறைப்பில் எங்கள் ஒழுங்கைகளில் ஓடமுடியாது. மென்மையான வில்லோடு ஓடினால் வளைவின் நடுவே வெளிப்பக்கத் தணிப்பான் பம்ப் ஸ்ரொப்பில் (ஓட்டத்தின் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) போய் இருக்கும். அந்தக் கணத்தில் விறைப்பு பலமடங்காகி ரயர் வழுக்கும். வில்லை இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் தணிப்பும் ஏறக்குறைய 1.4 மடங்கு ஏறவேண்டும். அதற்குமேல் மீள்தணிப்பை (வில் விரியும்போது வரும் தணிப்பு) இறுக்கினால் அடுத்தடுத்த குழிகளில் வில் விரிய நேரமில்லாமல் கார் படிப்படியாக அமர்ந்துகொண்டே போகும்.

இனிச் சாய்வு. மக்பர்சன் முன் அச்சில் லோவர் ஆமின் (சில்லைக் கீழே பிடித்திருக்கும் கை) வெளிமுனை உள்முனையைவிட உயரும் அளவுக்குப் பதித்தால், உருள்மையம் (கார் சாயும்போது சுழலும் புள்ளி) புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இவை இரண்டுக்கும் இடையிலான தூரமே காரைச் சாய்க்கும் நெம்பு. கார் பதிந்தும் நெம்பு நீண்டுவிடுகிறது. ஆம் கிடையாக நிற்கும் உயரத்தோடு நிறுத்துங்கள். அதற்கும் கீழே வேண்டுமென்றால் ஆமின் வெளிமுனை மூட்டாக நீண்ட தண்டுள்ள போல் ஜொயின்ற் போடவேண்டும். ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை ரொட்டின் முனையையும் அதே அளவு இறக்கவேண்டும். இல்லாவிட்டால் சில்லு மேடேறும்போதெல்லாம் கார் தானாகத் திரும்பும்.

> இருக்கையை மேலே சுற்றினால் ஸ்பிரிங் இறுகும்தானே?

இறுகாது. மில்லிமீற்றருக்கு 4 கிலோ விறைப்புள்ள வில்லின்மேல் 280 கிலோ நின்றால் அது 70 மி.மீ அமுங்கும். முன்கூட்டியே 20 மி.மீ அமுக்கிப் பூட்டினாலும் மொத்த அமுக்கம் அதே 70தான். கார் உயர்கிறது, இறங்குதூரம் குறைகிறது. இதற்கு ‘முன்னிறுக்கம்’ என்ற சொல் தவறான எண்ணத்தைத் தரும். ‘முன்னமுக்கம்’ போதும்.

* * *

> இருக்கைப்புரியில் காரை 30 மி.மீ பதித்தால் …

அண்ணை, புரிச்சூழ்வில்லுக்கு என் வாக்கு. ஆனால் அந்த 30 வளையத்திலா, சில்லிலா என்று சொல்லிவிட வேண்டும். மக்பர்சனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வில் ஆமின் நடுவில் அமரும் அச்சுகளில் அசைவு விகிதம் (சில்லு அசையும் தூரத்தில் வில் அசையும் பங்கு) 0.7 என்று வைத்தால், வளையம் 10 மி.மீ இறங்க கார் 14 மி.மீ பதியும், வில்லின் விறைப்பில் பாதிதான் சில்லுக்கு வந்து சேரும். ‘அசைவு விகிதம்’ பட்டியலில் சேரட்டும்.

‘உயரமாற்றி’ என்று வைக்கலாமா எனக் கேட்டவருக்கு: மொறிஸ் மைனரின் முன் அச்சில் சுருளே கிடையாது, முறுகி வில்லாக வேலைசெய்யும் முறுக்குத்தண்டு. அதன் உயரத்தையும் மாற்றலாம். அந்தச் சொல் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

உயரத்தையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை அளப்பது ‘நிலையுயரம்’. ரயரை மாற்றினாலும் மாறாது. காரின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரை வரை ‘தரையிடைவெளி’. மதகிலும் புகையிரதக் கடவையிலும் தட்டுவது இது. அளக்குமுன் ரயர்க் காற்றைச் சரிசெய்து, சாரதியின் பாரத்தை ஏற்றி, காரைச் சில மீற்றர் முன்பின் உருட்டவேண்டும். ஜக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் ரயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு காரை உயர்த்தி வைத்திருக்கும், அளவு பொய்க்கும்.

விளக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள். லோவர் ஆமின் புஷ் போல்ட்டுகளைக் கார் நான்கு சில்லில் நின்றபிறகே கடைசியாக இறுக்கவேண்டும். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகி நின்று கிழியும். சில்லைத் தூக்கி வில்லைக் கையால் பிடித்துப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் இருக்கை அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது, அந்தத் தளர்வை நிரப்பத் துணைவில் (மேலதிகச் சிறு வில்) வேண்டும். உயரம் மாறினால் கம்பரும் (சில்லின் பக்கச்சரிவு) ரோவும் (சில்லின் முன்புறம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) மாறும், அலைன்மென்ற் பார்க்காமல் விட்டால் ரயரின் உள்விளிம்பு தேயும். ஹெட்லைற்றின் கோணத்தையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடும் கார்களில் உருக்குப் புரியும் அலுமினிய வளையமும் உப்பில் ஒட்டிக்கொள்ளும். உளி வைத்து அடித்தால் வளையத்தின் பல் உடையும். நைலோன் தூரிகையால் புரியைத் துப்புரவாக்கி, ஊறும் எண்ணெய் விட்டுப் பொறுத்து, கொக்கிச் சாவியால் திருப்பவேண்டும்.

* * *

இருவருக்கும் நன்றி. சொற்பட்டியல் பதிவுக்கான வரைவு இது, திருத்தம் இருந்தால் எழுதுங்கள்:

புரிச்சூழ்வில் (பெ.): புரி வெட்டிய தணிப்பானும் அதைச் சூழ்ந்த சுருள்வில்லும் சேர்ந்த தொகுதி, புரியால் காரின் நிலையுயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. வகை: இருக்கைப்புரி (ஏறுதூரம் மாறும்), அடிப்புரி (தணிப்பானின் ஏறுதூரம் மாறாது). பேச்சுவழக்கு: கொயிலோவர். ஒப்புநோக்குக: முன்னமுக்கம், அசைவு விகிதம், தரையிடைவெளி.