ராணுவத்தில் இருந்த தாய்மாமாவைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் அவருடைய போர்க்காலம் எங்களுக்குத் தெரியாது

அக்காமகள்:
என் தாய்மாமா போன வருடம் தவறிவிட்டார். அடுத்த மாதம் முதலாண்டு நினைவுநாள். பேரப்பிள்ளைகள் படிக்க நாலு பக்கம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன், பாதியில் நிற்கிறேன்.

வீட்டில் பார்த்த மாமாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுத முடியும். 1979-ல் அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, தம்பி கைக்குழந்தை. அதற்கப்புறம் மாமாவின் மணியார்டர் வராத மாதமே இல்லை, அந்தத் தாளில் சேதி எழுத இருக்கும் கொஞ்ச இடத்தில் "பாப்பா ஒழுங்காகப் படிக்கிறாளா" என்று மட்டும் எழுதியிருப்பார். 1985-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி எங்களோடு இருந்துவிட்டார். வயல் பக்கம் போனால் அவர்தான் முன்னால் நடப்பார், அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்களும் கால் வைக்க வேண்டும், விலகி நடந்தால் அதட்டுவார். பாம்புக்குப் பயந்துதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

ஆனால் 1968-ல் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார், 1971 பாகிஸ்தான் போரில் இருந்தார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. கேட்டால் எழுந்து போய்விடுவார். டாக்காவுக்குப் போனவர் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ட்ரங்க் பெட்டியில் சில பதக்கங்களும் ஒரு கட்டு இன்லாண்ட் கடிதங்களும் இருக்கின்றன. இவற்றை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற சாப்பர்:
அம்மா, நானும் மதராஸ் சாப்பர்ஸ்தான், உங்கள் மாமாவுக்குப் பிந்திய ஆள். முதலில் கடிதங்களில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். ஏபிஓ என்பது ராணுவத் தபால் நிலையம்; 99 ஏபிஓ என்றிருந்தால் கிழக்குப் பக்கம், 56 ஏபிஓ என்றிருந்தால் மேற்கு, வடக்குப் பக்கம். அப்புறம் பதக்கம். 1971-ல் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் அதிலுள்ள ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரில் இருக்கும் எங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் மனு எழுத உதவுவார்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்றைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில் கால் வை என்பது கண்ணிவெடி வயலில் நடக்கிற முறை. தரையில் குப்புறப் படுத்து, ஒரு கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் செலுத்தி, தட்டுப்படுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். சரியான பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம், நாடாவுக்கு வெளியே கால் போகக் கூடாது. 1971 டிசம்பரில் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்குகளுக்காக அப்படிப் பாதை திறந்தவர்களில் எங்கள் ஆட்கள் உண்டு. உங்கள் மாமா அங்கேதான் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பாம்புக்குப் பயந்து அதட்டவில்லை.

மலைக்காற்று:
ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்து நாளைத் தவறவிடாதீர்கள். என் பெரியப்பாவும் ராணுவம்தான். எங்கே இருந்தார், எந்த வருடம் என்று தேதிகளைத் தேடியே நான் ஆறு மாதத்தைப் போக்கிவிட்டேன், அதற்குள் அவரைச் சிறுவயதிலிருந்து பார்த்த எங்கள் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் அம்மா இருக்கிறார்கள் அல்லவா? இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த மணியார்டர் துண்டுகள் இருந்தால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள், என்னைக் கேட்டால் பதக்கத்துக்குச் சமமான ஆவணம் அது.

அக்காமகள்:
இருவருக்கும் நன்றி. ஐயா, பெட்டியைத் திறந்து பார்த்தேன். 1971, 72 கடிதங்கள் எல்லாமே 56 ஏபிஓ. பதக்கம் பஷ்சிமி ஸ்டார். மேற்கு முனையில் இருந்தவரை இத்தனை வருடமாகக் கிழக்கே டாக்கா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், அவரும் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. ரெக்கார்ட் ஆபீசுக்கு நாளை எழுதுகிறேன்.

ராத்திரி அம்மாவிடம் நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் சொன்னார்கள். போர் முடிந்து 1972-ல் லீவில் வந்தபோது மாமா ரோட்டை விட்டு இறங்கவே மாட்டாராம், வயலுக்குக் கூப்பிட்டால் வரப்புக்கு முன்னால் நின்றுவிடுவாராம். எங்கள் அப்பா எதுவும் கேட்காமல் முன்னால் நடந்து போவாராம், அப்பாவின் கால் தடத்தில் கால் வைத்து மாமா பின்னால் போவாராம். அந்த லீவு முழுக்க அப்படித்தான் போய்வந்தார்கள் என்றார் அம்மா.

இதிலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.