ஏற்காட்டுல கோல்டன் ரெட்ரீவர்: குரூமிங்குக்கு வருஷம் எவ்வளவு ஒதுக்கலாம்?
சேலம், ஏற்காடு நண்பர்களே, குரூமிங் (நாயைக் குளிப்பாட்டி, காயவச்சு, முடியைச் சீர்பண்றது) ரேட் விவரம் வேணும். ஆண் நாய், 3 வயசு, 30 கிலோ, இரட்டை ரோமம் (மேல்முடி, அதுக்குக் கீழ மெத்துன்னு அடிமுடி).

திட்டம்: 8 வாரத்துக்கு ஒரு முழு குரூமிங், அதாவது வருஷம் 6 அல்லது 7 தடவை. முடி கொத்தாக் கொட்டுற சமயத்துல அடிமுடி எடுக்க மட்டும் கூடுதலா 2. நடுவுல வாரம் 3 நாள் வீட்டுலயே ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் பிரஷ்), அப்புறம் அடிமுடி ரேக் (உதிர்ந்த அடிமுடியை இழுத்தெடுக்கிற சீப்பு), கடைசியா இரும்புச் சீப்பு. சீப்பு தோல்வரைக்கும் சிக்காமப் போனாத்தான் குளியல்; சிக்கோட நனைச்சா முடிச்சு இறுகிடும், அதை எடுக்கத் தனிக் காசு.

டிரையர்தான் முக்கியம். மலைப் பனியில அடிமுடி லேசுல காயாது. ஈரம் தங்கினா காதுக்குப் பின்னாடி, தொடையில புண்ணு வந்துடும். வேகக்காற்று டிரையர் இல்லாத இடம் வேண்டாம்.

(மொட்டை அடிங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. வெயிலைத் தடுக்கிறதே மேல்முடிதான். சில நாய்க்குத் திரும்ப ஒழுங்கா வளராது.)

சேலத்துல அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இந்த எடைக்கு என்ன வாங்குறாங்க? நகம், காது, பாத முடி அதுக்குள்ள அடங்குமா? மலைக்கு வர்ற குரூமிங் வண்டி இருக்கா? சேலத்துக்கு இறங்குற 20 கொண்டை ஊசி வளைவுல நாய் வாந்தி எடுக்கும், அதான் கேக்குறேன்.