தரவையில் புல் போய்க்கொண்டிருக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு 35 மாடு கொண்ட ஒரு பட்டி இருக்கிறது. காலபோகம் (மாரி நெல்) விதைத்ததும் வயலுக்குள் விடமுடியாது. அறுவடை வரைக்கும் குளத்து அலைகரையும் பக்கத்துத் தரவையும் (பொது மேய்ச்சல் வெளி)தான் கதி. ஊர் மாடு முழுக்க அங்கேதான்.

முந்தி மாரி மழைக்கு அறுகு பாய் விரித்ததுபோலப் படரும். இப்போது மாடு வாய் வைக்காத தகரையும் பார்த்தீனியமும்தான் முழங்கால் உயரம் நிற்கின்றன. போன கிழமை குனிந்து பார்த்தேன். அறுகு இருக்கிறது, ஆனால் நகத்தளவு. துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் வேர் எப்படிப் பலப்படும்? வெறுமையான இடத்தைக் களை பிடித்துக்கொள்கிறது. பசிக்கு வேறு வழியின்றிப் பார்த்தீனியத்தைத் தின்றால் மாட்டின் பால் கசக்கும் என்பது வேறு தலையிடி.

பூக்கமுதல் கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும் என்று தெரியும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். பிடுங்கிய இடத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தரவையில் பாதியைக் கிளுவைக் கதியால் (உயிர்வேலிக் கம்பு) போட்டு அடைத்து, ஒரு மாரி முழுக்க மாடு விடாமல் வைத்தால் அறுகு தானாக மீளுமா? யாராவது செய்து பார்த்தீர்களா? கோ-3 என்ற தீவனப் புல் நடச் சொல்கிறார்கள், ஆனால் மழையில்லாத சோளகக் காற்றுக் காலத்தில் தண்ணீருக்கு எங்கே போக? மற்றது, பொதுத் தரவையை அடைக்க மற்றப் பட்டிக்காரரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? சண்டை வராமல் செய்தவர்கள் இருந்தால் அதைத்தான் முதலில் எழுதுங்கள்.