மயில்வாகனம் என்று ஒருவரை எங்கே கண்டீர்கள்?

கோண்டாவில்

பழைய மாணவர் மலர் ஒன்றுக்காகப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1940களின் பக்கங்களில் மயில்வாகனம் இல்லாத வகுப்பே இல்லை. ஒரு பக்கத்தில் மூன்று பேர். யார் எவர் என்று பிரித்தறிய, தகப்பன் பெயரோடு குறிச்சியையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1970களுக்கு வரும்போது அந்தப் பெயர் 'ம.' என்று சுருங்கி முதலெழுத்தாகிவிடுகிறது. தகப்பன் மயில்வாகனம், மகன் சிறீதரன் அல்லது ஜெயக்குமார். இன்றைய இடாப்பில் அந்த 'ம.'வும் அநேகமாக இல்லை.

இந்தப் பெயர்க்காரர் ஒருவரோடு பழகியவர்கள், இந்தப் பெயரைச் சுமந்து வளர்ந்தவர்கள் எழுதுங்கள். கந்தையா, வல்லிபுரம், ஆறுமுகம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு மயிலர் மட்டும்.

காரைநகர்

என் அப்பப்பா. ஊரில் அவருடைய முழுப்பெயரைச் சொன்னவர் தபாற்காரர் ஒருவர்தான். பெரியவர்களுக்கு அவர் மயிலர், சின்ன ஆட்களுக்கு மயிலர் அண்ணை, கோயில் உபயக்காரர் பட்டியலில் மட்டும் மயில்வாகனத்தார்.

எங்கள் ஊர் ஆட்கள் பலரைப் போல அவரும் தெற்கில் கடை வைத்திருந்தவர். அங்கே சிங்களச் சனத்துக்கு இந்தப் பெயர் வாயில் நுழையவில்லையாம். அர்த்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து 'மொனர முதலாளி'. மொனர என்றால் சிங்களத்தில் மயில். கடன் கொப்பியிலும் ஒரு மயிலைக் கீறி வைத்திருந்தார் என்று அப்பா சொல்லுவார். மனுசனுக்கு அதில் சரியான பெருமை.

அவருக்கு ஆறு பேரப்பெடியள். ஒருவனுக்கும் அந்தப் பெயர் இல்லை. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பதுதானே பழைய வழக்கம், ஏன் வைக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். 'பள்ளிக்கூடத்தில் பெடியள் பஸ், லொறி என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுவாங்கள்' என்றார். காரணம் அவ்வளவுதான். நாங்கள் இங்கே ஏதோ பெரிய பண்பாட்டுக் காரணம் தேடுகிறோம்.

அளவெட்டி

கருத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வெறுமனே 'மயில் + வண்டி' இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். சின்ன வயதில் அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து கேட்டதில் மனதில் நின்றது, முருகனுக்கு ஒன்றல்ல, இரண்டு மயில் என்பது. சூரனோடு போர் நடக்கும்போது இந்திரனே மயிலாகி அவரைத் தாங்கினான். அது இந்திர மயில். பிறகு மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் வந்தன. அந்த மயிலில் ஏறினதும் இந்திரனுக்குப் பழைய உருவம் திரும்பக் கிடைத்துவிட்டது. பயன் சொல்லுபவர் இந்த இடத்தில் நிறுத்தி, 'பகைவனைக் கொல்லவில்லை, ஏறி இருக்கும் இடமாக்கினார்' என்பார். மயில்வாகனம் என்று பெயர் வைத்தவர்களின் மனதில் இந்தக் கதை முழுவதும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இது நேர்த்திப் பெயர். அம்மம்மாவின் தாய்க்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மாவிட்டபுரம் முருகன் கோயிலில் நேர்ந்து மூன்றாவதாகப் பிறந்தவர் என் மாமாப்பாட்டா. பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முன்னமே பெயர் முடிவாகிவிட்டது. கிரக நிலையும் இல்லை, எழுத்தும் இல்லை.

கோயில் வாகனசாலையில் அந்த மர மயிலைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அலகில் ஒரு பாம்பைக் கவ்விக்கொண்டு நிற்கும். மாமாப்பாட்டா திருவிழாவுக்கு முன் அதைத் துடைத்து, பாம்பின் உடம்பில் தூசி அடைத்த செதில்களை ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுப்பார். 'நான்தான் செய்ய வேணும், என்ரை பேர்' என்பார்.

சுன்னாகம்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் எழுதினால் ஒரே பெயர். ஆங்கிலத்தில்தான் வில்லங்கம். என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் எம் வை என்று தொடங்குகிறது, அடையாள அட்டையில் எம் ஏ ஐ, காணி உறுதியில் நடுவில் ஓர் எச் வேறு. மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தும், ஒரு கந்தோரில் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, 'அப்போ மற்ற இரண்டு பேரும் எங்கே?' என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

இளவாலை

எங்கள் வீட்டிலும் ஒரு மயில்வாகனம் உண்டு. நாங்கள் வேதக்காரர். பூட்டனார் வேதத்துக்கு வந்தபோது ஞானஸ்நானப் பெயர் முன்னுக்கு வந்தது, பழைய பெயர் பின்னால் அப்படியே இருந்தது. சுவாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். சேமக்காலையில் அவருடைய சிலுவையில் அந்தோனியாரின் பெயரும் முருகனின் வாகனமும் ஒரே வரியில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

நல்லூர்

எனக்கு வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பெயரைப் பற்றிக் கதைக்கிறவர்கள் ஆட்களை மறக்கக் கூடாது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாண வைபவமாலை எழுதினவர் மாதகல் மயில்வாகனப் புலவர். அப்படியென்றால் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த மண்ணில் இந்தப் பெயர் புழங்கியிருக்கிறது. விபுலானந்த அடிகளும் பிறந்தபோது மயில்வாகனம்தான், 1892இல். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த காலத்திலும் அவர் பண்டிதர் மயில்வாகனம். 1924இல் துறவு பூண்ட பிறகுதான் விபுலானந்தர். மேலே எழுதின காரைநகர்த் தம்பி உரிமை கொண்டாட வேண்டாம், அடிகள் கிழக்கிலங்கைக் காரைதீவு. உங்களுடைய ஊருக்கும் முந்தி காரைதீவு என்றுதான் பெயர், இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் மாற்றினார்கள்.

அப்புறம் வானொலி. இலங்கை வானொலி வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனனின் குரல் வரும்போது எங்கள் வீட்டில் ஆரும் கதைக்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் அந்தக் குரலுக்குச் சனம் காத்திருந்தது. எங்கள் தமிழ் வாத்தியாருக்கு அந்த 'ன்' சரியான விருப்பம். மயில்வாகனன் என்றால் மயிலை வாகனமாக உடையவன், மயில்வாகனம் என்றால் மயிலாகிய வாகனம், நீங்கள் ஆளுக்கு வைக்கிறீர்களா வண்டிக்கு வைக்கிறீர்களா என்று வகுப்பில் கேட்பார். அந்த வகுப்பில் ஒரு சண்முகம், ஒரு பொன்னம்பலம், ஒரு சிதம்பரம். 'அம்' இல் முடியாத பெடியன் குறைவு. வாத்தியாரின் பெயர் வைத்திலிங்கம்.

ஸ்காபரோ, ஊர் உரும்பிராய்

உங்கள் இடாப்பில் காணாமல் போன மயில்வாகனங்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பெயராக. நான் அதில் ஒருத்தி, பிறந்தது 1991. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது மாறும். இங்கே வந்து படிவத்தில் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டபோது அப்பா தன் தகப்பன் பெயரை எழுதினார். சித்தப்பா வேறு வருசம் வந்தவர், அவர் தன் பெயரையே கடைசியில் போட்டுவிட்டார். பெரியப்பா இன்னொரு விதம். கூடப் பிறந்த மூன்று பேரின் பிள்ளைகளுக்கு மூன்று குடும்பப் பெயர்கள். வங்கியில் நானும் சித்தப்பாவின் மகளும் ஒரே குடும்பம் என்று விளங்கப்படுத்திக் களைத்துவிட்டோம்.

ஆனால் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருவரை எனக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார்கள். வேலையிடத்தில் இன்னொரு மயில்வாகனம் சேர்ந்தார், ஊர் பருத்தித்துறை. எல்லோரும் வந்து அண்ணனா, மாமாவா என்று கேட்டார்கள். இரண்டு கிழவர்களுக்கு ஒரே கடவுள் பிடித்திருந்தது, அவ்வளவுதான் தொடர்பு என்றேன். மருத்துவமனையில் தாதி என் பெயரைக் கூப்பிட வேண்டி வந்தால் முதல் இரண்டு அசைகளிலேயே மூச்சு வாங்கும், நானே எழும்பிவிடுவேன். தம்பியை நண்பர்கள் மைல்ஸ் என்கிறார்கள். அவனுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் நான் பெயரை மாற்றவில்லை. அவருடைய குடும்பப் பெயர் நடராஜா. ஒரு பாட்டனைக் கழற்றி இன்னொரு பாட்டனைப் போடுவானேன்?

கொக்குவில்

மயில்வாகனம் எங்கேயும் போகவில்லை, மயூரன் ஆகிவிட்டான். மயூரம் என்றால் வடமொழியில் மயில். நான் படித்த காலத்தில் வகுப்பில் கட்டை மயூரன், நெட்டை மயூரன், கண்ணாடி மயூரன் என்று மூன்று பேர். நான்தான் கண்ணாடி. எங்கள் அப்பா அம்மா சந்நிதிக்கும் நல்லூருக்கும் போவதை நிறுத்தவில்லை. முருகனில் பக்தி குறைந்து பெயர் போனது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களுக்குப் பக்தி அதே பக்தி, பெயர் மட்டும் கந்தோருக்குப் போகிற பெயராக இருக்க வேண்டும்.

என் மகன் பிறந்தது மகம். அந்த நட்சத்திரத்துக்கு ம, மி, மு, மெ என்று ஐயர் எழுதித் தந்தார். அம்மாவுக்கு வாய் முழுக்கச் சிரிப்பு. 'ம-விலே வந்திட்டுது, மாமாவின்ரை பேரை வையுங்கோ' என்றார். என் மனைவி கைத்தொலைபேசியைத் திறந்தார். 'ஷ' வேண்டும், நாலு எழுத்துக்குமேல் போகக் கூடாது, எண் கணிதத்தில் ஐந்து வர வேண்டும், வகுப்பில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. கடைசியில் மிவிஷன் என்று வைத்தோம். அர்த்தம் கேட்காதீர்கள், வைத்த எங்களுக்கே தெரியாது. ஆனால் ஒன்று, என் மகனைத் தவிர வேறு மிவிஷனை நான் இதுவரை காணவில்லை. அந்த இடாப்பில் ஒரு பக்கத்தில் மூன்று மயில்வாகனம் என்றீர்கள். அந்த நாளையில் பெயர் பிள்ளையை ஊரோடு சேர்த்துக் காட்ட வைத்தது, நாங்கள் தனியாகக் காட்ட வைக்கிறோம்.

கிளிநொச்சி, இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி

மயூரன் அண்ணைக்குப் பதில். 90களில் வன்னியில் தூய தமிழ்ப் பெயர் வைக்கிற காலம். அப்பா அப்பப்பாவின் பெயரைத்தான் எனக்கு வைக்க வேண்டும் என்று நின்றார். மயில் தமிழ், வாகனம் வடமொழி, பாதியை வெட்டு என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்கவில்லையாம். பிறகு மயிலவன் என்று சமாதானமானார்கள். கொழும்பில் என்னை மைக்கேலவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுன்னாகத்துக்காரர் அந்தச் சத்தியக்கடதாசி முடித்த சட்டத்தரணிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.